கடலைப் பொட்டலத்தில் போன மேக்ரோ

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சந்தேகம் கேட்பதை நான் ஒரு மானப் பிரச்சினையாக வைத்திருந்தேன். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் இதையெல்லாம் போய்க் கேட்பதா என்று இருந்துவிடுவேன். அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் ஒருவருடைய வேலையே போகப் பார்த்தது.

எழுபதுகளின் பிற்பகுதி. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கணினி அறையில் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் போவேன். எங்கள் எல்லோருக்கும் ஒரே கணினி. (ஏ.சி. அதற்காகப் போட்டது. நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.) திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றில் கட்டளையை அடித்தால், பதிலும் அதே காகிதச் சுருளில் தடதடவென்று அச்சாகி வரும்.

நாங்கள் எழுதும் நிரல்களில் பிழை தேட, டீபக்கர் என்று ஒன்று அதில் இருந்தது. அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு பெயரை மட்டும் அடித்தால் போதும், எல்லாம் வரிசையாக ஓடும். அதுதான் மேக்ரோ. எந்த மேக்ரோ எத்தனை முறை பயன்பட்டது என்று டீபக்கரே எண்ணி வைத்துக்கொள்ளும். கணினியில் இடம் குறைவு என்பதால், ஒவ்வொரு வியாழக்கிழமை காலையிலும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும் மேக்ரோக்கள் தாமாகவே அழிந்துவிடும்படி எங்கள் தலைவர் டேனியல் சார் ஏற்பாடு செய்திருந்தார்.

ஒரு புதன்கிழமை மாலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா கிரேஸ், உன் மேக்ரோ மட்டும் இவ்வளவு ஓடியிருக்கே?”

“டெஸ்ட் பண்ணேன் சார்.” (பொய். எண் ஏறுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.)

“டெஸ்ட் எல்லாம் கணக்குல வரக்கூடாது. ரீசெட் பண்ணிட்டு, நிஜ வேலைக்கு ஒரு தடவை ஓட்டிட்டுப் போ.”

எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க ‘ரீசெட்’ என்று அடிக்க வேண்டும். அதன் பக்கத்தில் மேக்ரோவின் பெயரையும் அடிக்க வேண்டுமா? கேட்கவில்லை. வெறும் ‘ரீசெட்’ அடித்தேன். இயந்திரம் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. என் மேக்ரோவை ஒரு முறை ஓட்டிவிட்டு பஸ் பிடித்தேன்.

மறுநாள் காலை ஜெயபால் காகிதச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களோடு தற்காலிக வேலையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து வருகிறவர்கள், அவர் தன் மேக்ரோக்களை வைத்து நிரலை ஓட்டிக் காட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவரை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவாகும்.

“சார், என்னுது ஒண்ணுமே இல்லை” என்றார்.

அவருடையது மட்டுமல்ல, யாருடையதும் இல்லை. நான் அடித்த வெறும் ‘ரீசெட்’ எல்லோருடைய எண்ணிக்கையையும் பூஜ்யமாக்கியிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என்னுடையது.

“காப்பி எடுத்து வைக்கலையா?” என்றார் டேனியல் சார்.

“காப்பி எடுக்கிற பேப்பர் டேப் தீர்ந்துபோச்சு சார். புதுசு கேட்டு இண்டென்ட் போட்டிருக்கோம்.”

ஜெயபால் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் அடித்த கட்டளைகளெல்லாம் போன வாரச் சுருளில் இருக்குமே என்று நினைவு வந்து, அட்டெண்டரிடம் ஓடினேன். பழைய காகிதமெல்லாம் ஸ்டேஷன் வாசல் கடலைக்காரருக்குப் போய்விடும் என்றார்.

கடலைக்காரர் சாயங்காலம்தான் வண்டி போடுவார். ஜெயபாலும் நானும் காத்திருந்தோம்.

“அண்ணா, அந்தப் பேப்பர் வேணும்.”

“கடலை வேணாவா?”

“பேப்பர்தான்ணா.”

“இன்னாம்மா பேஜாரா கீது! பேப்பரை உனுக்குக் குடுத்துட்டு, கடலைய இன்னா கையிலயா குடுப்பேன்?”

ஜெயபால் எங்கிருந்தோ ஒரு கட்டு செய்தித்தாள் கொண்டுவந்து ஈடு கொடுத்தார். ஆனால் பாதிச் சுருள் ஏற்கெனவே பொட்டலமாகி பிளாட்பாரத்துக்குப் போயிருந்தது. நானும் போனேன்.

“சார், சாப்பிட்டு முடிச்சதும் அந்தப் பொட்டலத்தைத் தர்றீங்களா?”

ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிச்சக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, காகிதத்தைக் கசக்கித் தண்டவாளத்தில் போட்டுவிட்டு நகர்ந்தார். கணிதத்தில் முதல் வகுப்பு, கை நிறையக் கடலையோடு நின்றது. பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் கிளம்பியபோது ஜன்னலோரம் ஒரு கையில் எங்கள் காகிதம் தெரிந்தது. ஓடினேன். வண்டி என்னைவிட வேகமாக ஓடியது.

அன்று இரவே கணினி அறைக்குத் திரும்பி, கிடைத்ததை எண்ணெய்க் கறையோடு வைத்து அடித்து முடித்தோம். ஒரு மேக்ரோவில் மட்டும் ஒரு வரி இல்லை. வெள்ளிக்கிழமை, விருந்தினர்கள் முன்னால், அது சரியாக அந்த இடத்தில் நின்றது.

ஜெயபால் பதறவில்லை. “இங்க ஒரு வரி தொலைஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டளையாகக் கையால் அடித்து, அது ஏன் தேவை என்று விளக்கினார். எப்படித் தொலைந்தது என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நான் எழுந்தேன். ரீசெட்டிலிருந்து ரயில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

தமிழ் தெரிந்த ஒரு பெரியவர் சிரிக்காமல் கேட்டார்: “கடலை நல்லா இருந்துதாம்மா?”

மேக்ரோ நின்றுபோன பிறகும் வேலையைத் தெரிந்து செய்தார் என்று ஜெயபாலை நிரந்தரமாக்கினார்கள். வெறும் ‘ரீசெட்’ அடித்தால் ‘எல்லாவற்றையுமா?’ என்று இயந்திரம் கேட்கும்படி டேனியல் சார் மாற்றினார். சில வருஷம் கழித்து ஜெயபாலுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் எங்கே கடலை வாங்கினாலும், தின்று முடித்ததும் அவர் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் நிதானமாகப் படிக்கிறார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள்.

“இதுலயும் இல்லை, கிரேஸ்.”