நாலாம் நம்பர் பாயின்ட்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா நலம். நான் நலமாக இல்லை, காரணம் கீழே வருகிறது. வழக்கமாக உன்னை 'நீ' என்றுதான் எழுதுவேன். இது புகார்க் கடிதம் என்பதால் கையெழுத்து போடும்வரை 'நீங்கள்'.

தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பாயின்ட் என்று பெயர், அதன் நம்பர் கூடக்கூடப் பிரிவு மென்மையாக இருக்கும், குறையக் குறைய வண்டி வெடுக்கென்று திரும்பும் என்பதையெல்லாம் முப்பத்து நான்கு வருஷம் இருப்புப்பாதை ஆய்வாளராக இருந்த எனக்கு உங்களைப் போன்ற ஒரு என்ஜின் டிரைவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்று பொம்மை ரயில் கடையில் நான் எட்டாம் நம்பரைக் கையில் எடுத்தபோது, நீங்கள் கடைக்காரர் எதிரிலேயே அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "மச்சான், மேசை ஆறடி. எட்டாம் நம்பர் மூணு போட்டா ஸ்டேஷனை ஜன்னலுக்கு வெளியேதான் கட்டணும். நாலாம் நம்பர் போதும்" என்றீர்கள். கடைக்காரரும் சிரித்தார். வாங்குகிறவன் நான், சிரிப்பு உங்கள் பக்கம். சரி, வாழ்நாள் முழுக்க தண்டவாளத்தின் மேல் ஓடியவராயிற்றே, கீழே என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது பார்த்திருப்பீர்கள் என்று நம்பி வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, உங்கள் அக்காவின் துணி வெட்டும் மேசையைக் கேட்டது. அவள் மேசையைத் தந்தாள், வளைவு வரையத் தன்னுடைய சாக்கட்டியையும் தந்தாள், இரண்டு வாரம் நான் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்ததும் ஒரு கெடுவும் தந்தாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்க வண்டி கவுராம ஒரு முழுச் சுத்து வரணும். இல்லேன்னா எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டு மேசையைக் குடுத்துடுங்க. ரெண்டு வாரமா தரையில உக்காந்து ரவிக்கை வெட்டுறேன், இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள். நியாயம்தான். நானும் இளைத்தவனா என்ன, நேராக ஓடும் துண்டு, வளைந்த துண்டு என்று பிரித்து அடுக்கி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்து, மட்டக்கோல் வைத்துச் சரிபார்த்து, மூன்று நாளில் பாதை போட்டு முடித்தேன். அந்தப் பாதையைப் பார்த்தால் எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது, உங்கள் மூன்று பாயின்ட்களைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியை மெல்லத் திருப்பினேன், என்ஜின் புறப்பட்டது, வளைவில் திரும்பியது, தையல் மெஷினைத் தாண்டியது, இரண்டாவது பாயின்ட்டில் ஏறியதும் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று கவிழ்ந்து நூல்கண்டு டப்பாவுக்குள் விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. பதினோரு தடவை விழுந்தது, பதினோரு தடவையும் அதே இடம். நான் விடுகிற ஆளா? முறைப்படி விசாரணை வைத்தேன். சக்கரம் ஏறிய இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டேன். மேசைமேல் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடி வைத்து, பாயின்ட்டின் நாக்கை, அதாவது வண்டியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளிவிடுகிற அந்த மெல்லிய நகரும் தண்டவாளத்தை, பார்த்தேன். அது பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. உங்கள் அக்காவிடம் ஊசி வாங்கி நுழைத்தேன். நுழைந்தது. அவள்தான் சாட்சி.

இந்த நிலையில்தான் உங்களுக்குப் போன் செய்தேன். ஒரு வருத்தம் தெரிவிப்பீர்கள், மாற்றித் தருகிறேன் என்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? வாய் நிறையச் சிரித்துக்கொண்டே, "வேகமா விட்டிருப்பீங்க மச்சான்" என்றீர்கள்.

வேகமா. யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? வண்டி மெதுவாகத்தான் போனது. நாக்கு முழுசாக ஒட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? நாக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றால் நத்தை வேகத்தில் போனாலும் சக்கரம் ஏறத்தான் செய்யும், இது சின்னக் குழந்தைக்கும் புரியும். பாதை கெட்டிருக்கும்போது பழியைத் தூக்கி ஓட்டியவன் தலையில் போடுவது எந்த ஊர் நியாயம்? ஒரு மனிதன் நெஞ்சில் கைவைத்து மெதுவாகத்தான் போனேன் என்று சொன்னால், வந்து குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேச வேண்டாமா? வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்வதா? உடனே ரயில் யார்டில் நடந்த அந்தப் பழைய சங்கதியை இழுத்துக்கொண்டு வராதீர்கள். இருபத்து இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் வண்டியைக் கவிழ்த்தது வேகத்தால். விசாரித்து எழுதியவன் நான். அது வேறு, இது வேறு.

ஆகவே, நாலாம் நம்பர் மூன்றையும் நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போய், அந்தக் கடைக்காரர் முன்னாலேயே எட்டாம் நம்பராக மாற்றி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே போனால் போகட்டும். அதோடு, போனில் சிரித்ததற்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. மகளுக்கு என் ஆசிகள், நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் பெற்று விளங்கட்டும், புத்தி தாய் வழியில் வரட்டும். உங்களுக்கு மட்டும் பாயின்ட் மாறி வந்த பிறகு.

இப்படிக்கு,
கவிழ்க்கப்பட்ட உங்கள் மச்சான்

பி.கு.: உறையில் போடுமுன் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன், நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்வாள் என்று. அவளோ எழுந்து போனாள். தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, அளவுக் காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதையும் படிங்க. தம்பி குடுத்த நகல். எப்பவாவது கேப்பீங்கன்னு வச்சிருந்தேன்" என்றாள். யார்ட் விசாரணையில் நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலம். 'வண்டி மெதுவாகத்தான் போனது. நாக்கு முழுசாக ஒட்டவில்லை, என் சுண்டுவிரல் நுழைந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஒரு தடவை குனிந்து பாருங்கள்.' கீழே என் கையெழுத்தில், 'ஏற்பதற்கில்லை. வேகமே காரணம்.'

அன்று மழை. மைத்துனனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் வேறு. குடைக்குள் நின்றபடியே எழுதினேன். நீ மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட என்னை மச்சான் என்று கூப்பிடாமல் இருந்ததில்லை.

பாயின்ட் எதையும் மாற்ற வேண்டாம். மேசையை இன்றே உன் அக்காவிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன், அவள்தான், "தம்பி வந்துட்டுப் போகட்டும்" என்று தடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வா. கைப்பிடியை நீ பிடி. விரல் நீள என்ஜினுக்காக மேசைமேல் குப்புறப் படுத்தவன் நான். அன்று உனக்காகக் குனியவில்லை.