பூதக்கண்ணாடியின் சைவக் குடும்பம்

ஒரு தெரு முழுவதும், கட்சி பேதமில்லாமல், ஒரே ஆளை வெறுக்க முடியும் என்பதை ஆரணியில் தனி மனிதராக நிரூபித்துக் காட்டியவர் பூதக்கண்ணாடி. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழுக்கு ஆரணியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதே தெருவில் குடியிருந்தேன். பூதக்கண்ணாடி பட்டுக்கடை ஒன்றில் செக்கர். நெசவாளர்கள் கடையிலிருந்து பட்டும் ஜரிகையும் வாங்கிப்போய், வீட்டுத் தறியில் நெய்து, சேலையாகக் கொண்டுவருவார்கள். இவர் அதை மேசைமேல் விரித்து, இழை எண்ணும் பித்தளைக் கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, முந்தானையில் ஆரம்பித்து அங்குலம் அங்குலமாக நகர்வார். குற்றம் கண்ட இடத்தில் ஒரு சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்துவார். குண்டூசி போட்ட ஓட்டை மட்டும் குற்றக் கணக்கில் வராது.

தன் அக்கா மகள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மேடையேறி, பெண்ணின் சேலைக் கரையில் இரண்டு இழை விட்டிருப்பதைச் சொன்னவர் அவர். கெட்டிமேளம் அதற்குப் பிறகுதான் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. குற்றம் காணாமல் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து, பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு வேளாண்மைப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. பல பக்கங்கள் ஏற்கெனவே பக்கோடா சுமந்து போய்விட்டிருந்தன. மிஞ்சியதில் ஓர் அத்தியாயம், செடிகளின் சாற்றையும் விதைகளையும் உறிஞ்சி வாழும் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளின் குடும்பம் பற்றியது. அந்த அத்தியாயத்துக்கும் முடிவு இல்லை. கிடைத்த பக்கங்களை அவர் வேதமாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பூவரச மரம் இருந்தது. கோடை வந்தால் அதன் அடியில் சிவப்புப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் ஊரும். இரண்டு பூச்சிகள் பின்புறமாக ஒட்டிக்கொண்டு, முன்னது இழுக்க, பின்னது பின்னோக்கியே நடந்து போகும். எங்கள் ஊர்த் தம்பதிகளைப் பற்றி இதைவிடச் சரியான படத்தை நான் பார்த்ததில்லை. அவற்றுக்கு ரயில் பூச்சி என்று பெயர். ஆனால் பூதக்கண்ணாடியின் காதில் விழும்படி அப்படிச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும்.

"இன்னா பூச்சின்னு கேட்டா, செவப்புப் பூச்சின்றியே, அறிவு கீதா? எருக்கஞ்செடில கீறதும் செவப்புதான். அதும் இதும் ஒண்ணா? உச்சந்தலையப் பாரு. பெரிய கண்ணு ரெண்டுக்கு நடுவுல பொடிசா இன்னும் ரெண்டு கண்ணு இருந்தா அது எருக்கு ஜாதி. இல்லன்னா நம்ம குடும்பம்."

'நம்ம குடும்பம்' என்றுதான் சொல்வார். கழுத்தில் வெள்ளைக் கோடு, இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு, இது பருத்தியைக் கெடுக்கும் பூச்சி. பொட்டே இல்லாமல், பெரிதாக, தடித்துத் திரியும் இன்னொன்று இருந்தது. புத்தகத்தில் மிஞ்சிய பக்கங்களில் அதன் படம் இல்லை. உச்சந்தலையில் குட்டிக் கண்ணும் இல்லை. ஆகவே அதையும் குடும்பத்தில் சேர்த்து, 'பெரியப்பா' என்று பெயர் வைத்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றி அவர் ஊருக்கு அடித்துச் சொன்னவை இரண்டு. ஒன்று, சுத்த சைவம். இரண்டு, பட்டைத் தொடாது.

ஞாயிறுதோறும் தேவிகாபுரம் பஸ் ஏறி வெண்டைத் தோட்டங்களுக்குப் போவார். ஒருமுறை திரும்பி வரும்போது, பூச்சி பிடித்துப் போட்டிருந்த தீப்பெட்டி பஸ்ஸில் திறந்துகொண்டது. பெண்கள் சீட்டின் மேல் ஏறி நின்றார்கள். கண்டக்டர் வந்தார்.

"யோவ், இதுங்களுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தியா?"

"ஒண்ணும் பண்ணாதுப்பா. சைவம்."

"பூச்சி சைவம் சரி. நீ எறங்கு."

களம்பூர் கூட்டு ரோட்டிலிருந்து நடந்து வந்தார். இரண்டு பூச்சிகள் தவறிவிட்டன என்பதுதான் அவருடைய வருத்தம்.

இதுவரை எல்லாம் வேடிக்கை. அந்தப் பங்குனியில் ஏகாம்பரத்தின் சேலை வந்தது.

ஏகாம்பரமும் அவர் மனைவி சரோஜாவும் எங்கள் தெருவில் நல்ல தறிக்காரர்கள். ஒரு கல்யாணத்துக்காகச் சந்தன நிறத்தில் சேலை நெய்து கொண்டுவந்தார்கள். பூதக்கண்ணாடி விரித்தார், குனிந்தார், நிமிர்ந்தார். சேலையின் உடலில் ஆறு இடத்தில் பொடிப்பொடியாகத் தேன் நிறக் கறை. சீட்டு எழுதினார்: 'கறை. நெசவாளர் கவனக்குறைவு.'

இது இரண்டாவது சீட்டாக இருந்தால் திட்டு. ஏகாம்பரத்துக்கு அந்த வருடத்தில் இது மூன்றாவது. மூன்று சீட்டு விழுந்தால் அந்தத் தறிக்குப் பட்டு கொடுப்பதை நிறுத்துவது கடை வழக்கம். ஊரில் மற்றக் கடைகளும் அந்தத் தறியைத் தொடாது.

சரோஜா கடைக்குள்ளேயே குரல் எழுப்பினாள். "நாங்க இன்னா எச்ச கையோடவா நெய்றோம்? காலைல தெருவுல பாவு இழுத்துக் கட்டும்போது அந்தப் பூவரச மரத்துலேர்ந்து பூச்சி கொட்டுது. அதுங்க பண்ண வேல இது. மொதல்ல மரத்த வெட்டுங்க!"

நெய்வதற்கு முன், சேலையின் நீளவாக்கில் போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, விடியற்காலையில் அறுந்த இழைகளை முடிந்து சீராக்குவார்கள். அதுதான் பாவு. எங்கள் தெருவில் அதன் ஒரு முனை பூவரச மரத்தடியில்தான் முடியும்.

பூதக்கண்ணாடியின் முகம் சிவந்தது. "நம்ம குடும்பம் பட்டத் தொடாது. வெதயத்தான் உறியும். உன் தப்ப அதுங்க மேல போடாத."

"குடும்பமாம் குடும்பம்! இந்தாளுக்குப் பூச்சிங்கதான் சொந்தம், மனுசங்க இல்ல."

முதலாளி சமாதானப் பிரியர். அதாவது, தனக்கு நஷ்டம் வராத எந்த முடிவுக்கும் சம்மதிப்பவர். "செக்கரே, பேஜார் பண்ணாத. நிரூபிச்சுக் காட்டு. பூச்சி பண்ணலன்னா அவங்க தறிக்குப் பட்டு கெடையாது. பூச்சின்னா மரத்த வெட்டிடலாம்" என்றார்.

நிரூபிக்கும் முறையையும் பூதக்கண்ணாடியே வகுத்தார். ஒரு சேலைப் பெட்டி. அடியில் சந்தன நிறப் பட்டுத் துண்டு. பூவரச விதை ஒரு கைப்பிடி. ஐம்பது பூச்சிகள், பாரபட்சம் கூடாது என்பதற்காக அதில் மூன்று பெரியப்பாக்கள். மேலே வலைத்துணி கட்டி, முதலாளி கையெழுத்திட்ட காகிதம் ஒட்டி, மூன்று நாள். எண்ணும்போது சாட்சிக்கு என்னை அழைத்தார். 'பத்திரிகை' என்பதால். நான் அப்போது எழுதிய செய்திகளில் பாதி தண்ணீர்க் குழாய் உடைப்பு.

நான்காம் நாள் காலை கடையில் தெருவே நின்றது. ஏகாம்பரம் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி வலையைப் பிரித்தார். முதலில் பூச்சிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். முப்பத்தெட்டு.

"ஓடிப்போச்சா?" என்றார் முதலாளி.

ஓடவில்லை. பெட்டி மூலையில் ஒரு பெரியப்பா, தன் ஊசி மூக்கைப் பொட்டுக்காரன் ஒருவனின் முதுகில் செருகி, நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறும் கூடுகளாகப் பன்னிரண்டு உறவினர்கள் கிடந்தார்கள். கைப்பிடி விதை அப்படியே இருந்தது போலத்தான் பட்டது.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "சைவம்னியே வாத்தியாரே, நல்லா பிரியாணி துன்னுகினு கீறாரு உங்க பெரியப்பா!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பக்கோடாவோடு போன பக்கங்களில் இந்தப் பெரியப்பாதான் இருந்திருக்க வேண்டும். ஒரே குடும்பம், ஆனால் தன் குடும்பத்தையே தின்று வாழ்பவர். எங்கள் ஊர் ஜவுளி வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பூதக்கண்ணாடி சிரிப்பைக் கேட்டதாகத் தெரியவில்லை. பட்டுத் துண்டை எடுத்து உதறி, மேசையில் விரித்து, கண்ணாடியை வைத்துக் குனிந்தார். பிறகு ஏகாம்பரத்தின் சேலையைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் விரித்து, இங்கும் அங்குமாக மாறி மாறிப் பார்த்தார். பூச்சிகளின் எச்சம் துண்டு முழுக்கப் பொடிப்பொடியாக, தேன் நிறத்தில் இருந்தது. அதே அளவு, அதே விளிம்பு. வேறு யாரும் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. அவர் 'வேறு கறை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுக்க ஊரில் ஆள் கிடையாது. மரமும் நின்றிருக்கும், அவர் பேச்சில் ஒன்றாவது நின்றிருக்கும்.

ஏகாம்பரத்தின் சீட்டைக் குண்டூசியிலிருந்து பிடுங்கிக் கிழித்தார். புதுச் சீட்டு எழுதினார். சேலையில் குத்தவில்லை, தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். நான் கிட்டே போய்ப் படித்தேன்: 'கறை பூச்சியுடையது. செக்கர் கவனக்குறைவு.' அன்று முழுவதும் அதை மார்பில் குத்தியபடிதான் வேலை பார்த்தார். வந்த வாடிக்கையாளர்கள் அதை ஏதோ சங்கத் தேர்தல் சின்னம் என்று நினைத்தார்கள்.

மாலையில் முதலாளி மரம் வெட்டுகிறவரை அழைத்து வரச் சொல்லிவிட்டார். பூதக்கண்ணாடி சரோஜா வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"பாவு போடறதுக்கு முன்னாடி நான் வந்து மரத்தடியப் பெருக்கிக் குடுக்கறேன். பாவு மேல வேட்டியால பந்தல் புடிக்கிறேன். ஒரு பூச்சி வுழுந்தாக்கூட வெட்டிக்கோங்க."

சரோஜா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சொந்தக்காரங்களுக்காகக் கும்புட வந்துட்டீங்களாக்கும்" என்றாள். பிறகு, "நாலரைக்கு வரணும். லேட்டா வந்தா கோடாலிதான்" என்றாள்.

அவர் நான்கு மணிக்கே வந்தார். அந்தக் கோடை முழுவதும், அடுத்த கோடை முழுவதும். துடைப்பத்தால் பூச்சிகளைக் கூட்டி, முறத்தில் அள்ளி, பழைய பால் பவுடர் டப்பாவில் போட்டு, பொட்டுக்காரன் இத்தனை, பெரியப்பா இத்தனை என்று சொல்லி எண்ணுவார். தெரு அவரைக் கிண்டல் செய்வதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. மரமும் விழவில்லை.

இரண்டாவது கோடையின் கடைசியில் ஒரு நாள் அவர் வரவில்லை. டைபாய்டு என்றார்கள். மரத்தடி சிவப்பாக இருந்தது. பாவு தயாராக நின்றது. ஏகாம்பரம், "ஒரு பூச்சின்னாரு, ஊரே கீது. இன்னிக்கு வெட்டிடலாமா?" என்றார்.

"சும்மா இருய்யா, மனுசன் ஜுரத்துல படுத்துகினு கீறாரு" என்று சொல்லிவிட்டு, சரோஜா துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கினாள். அள்ளியதைச் சாக்கடையில் கொட்டுவாள் என்று பார்த்தேன். உள்ளே போய் மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அதில் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய்க் குடுங்க. எண்ணலன்னா அவருக்குத் தூக்கம் வராது."

போனேன். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு நேரமாகியும், அவர் விழித்து எழுந்து உட்காரும் வரை, ஒரு பூச்சிகூடத் தவறிவிடாமல் மூடியை அழுத்திப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.