டெஸ்டில் பாஸாகிச் செத்த மதர்போர்டு

உலகத்திலேயே கம்ப்யூட்டரைக் காதால் பார்த்த ஒரே மெக்கானிக் எங்கள் ‘பீப்’ அண்ணன்தான். அப்பா அம்மா அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கள்ளக்குறிச்சியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் மதர்போர்டு ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுக்கும். ஒரே ஒரு சின்ன பீப் என்றால் சௌக்கியம். நீளநீளமாகக் கத்தினால் மெமரியில், அதாவது ரேமில் கோளாறு. அண்ணன் திரையைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேபினட்டில் காதை வைப்பார். நாளாக நாளாக அவரே அந்த பாஷைக்கு மாறிவிட்டார். டீ நன்றாக இருந்தால் “பீப்”. சர்க்கரை கம்மி என்றால் “பீ...ப், பீ...ப்”. டீக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் இன்னும் அரை ஸ்பூன் போடுவார். அண்ணனுடைய மனைவி நர்ஸ். அவர் போனில் பத்து நிமிஷம் திட்டினால் அண்ணன் கடைசியில் ஒரே ஒரு “பீப்” சொல்லி வைத்துவிடுவார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன புதிதில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். இருந்தது ஒரே கம்ப்யூட்டர், உள்ளே போர்டுவரை கடை ஸ்டிக்கர் ஒட்டியது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் சகல உணர்ச்சிகளும் அதன் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலின் வெள்ளி விழா மலரும் அதில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெளியீடு. விழாக் குழுச் செயலாளர் சூசை சார் தினமும் காலையில் வந்து, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஒற்றெழுத்து விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை காலை, நாற்பத்தோராம் பக்கத்தில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி உறைந்தது. அண்ணனுக்குப் போன் செய்து வரவழைத்தேன்.

“ரேம் மேலதான் சந்தேகம். மெமரி டெஸ்ட் போட்டுப் பாத்துடலாம்” என்று ஒரு பென் டிரைவைச் சொருகினார் அண்ணன். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன.

“எவ்ளோ நேரம் ஆவுங்க?” என்றார் சூசை சார்.

“எழுதிக்கினு இருக்கறான் சார். பரீட்ச ஹால்ல பேசக் கூடாது.”

பத்து மணிக்கு ஆரம்பித்த பரீட்சை நாலு மணிக்கு முடிந்தது. தப்பு ஒன்றுகூட இல்லை. “ரேம் பாஸ்!” என்று அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார். கம்ப்யூட்டரை அணைத்து, பென் டிரைவை உருவிவிட்டு, மறுபடி பட்டனை அமுக்கினார். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டு. பீப் வரவில்லை.

இன்னொரு தரம் அமுக்கினார். அப்போதும் இல்லை.

சூசை சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “டெஸ்ட்ல பாஸானவன் ஏங்க செத்தான்? எங்க வூட்டுல ஃபெயிலானவனே நல்லா தின்னுக்கினு இருக்கறான்.”

“சாவலீங்க. மயக்கம்” என்றார் அண்ணன்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சொத்துப் பங்கு பேசியவனைப் பார்ப்பதுபோல அண்ணன் என்னைப் பார்த்தார்.

“அப்ப இவன வுட்டுடலாம்ங்கறியா? என் கை பட்டு இதுவரிக்கும் ஒருத்தனும் போனதில்ல தம்பி. நாளைக்கி ஒரு நாள் குடு.”

வெள்ளிக்கிழமை முழுக்க வைத்தியம் நடந்தது. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தார். ஒன்றை மட்டும் மாட்டினார், இன்னொன்றை மட்டும் மாட்டினார், இடம் மாற்றி மாட்டினார். போர்டில் இருந்த வட்டப் பேட்டரியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். பக்கத்துக் கடையில் பவர் சப்ளை இரவல் வாங்கினார். எதற்கும் அசையவில்லை.

“இப்ப ரேமே இல்லாம ஆன் பண்றேன். உசுரு இருந்தா கத்தியே ஆவணும். மெல்லிசாத்தான் கத்துவான்” என்று காதை வைத்தார். கீழே பஸ் ஸ்டாண்டு அலறிக்கொண்டிருந்தது. சட்டென்று எழுந்து பால்கனிக்கு ஓடினார்.

“யப்பா! ரெண்டு நிமிஷம் ஹாரன் அடிக்காதீங்கப்பா! இங்க ஒருத்தன் பேச்சு மூச்சில்லாம கெடக்கறான்!”

ஷேர் ஆட்டோக்கள் அப்படியே நின்றன. ‘சேலம் சேலம்’ என்று கூவிக்கொண்டிருந்த கண்டக்டர் ‘சே’யோடு வாயை மூடிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அண்ணன் பட்டனை அமுக்கிக் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிக் காதை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டது மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம்.

யாரோ புண்ணியவான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர், பின்னால் சோடா பாட்டிலோடு ஓர் அம்மா, அவருக்குப் பின்னால் பாதி பஸ் ஸ்டாண்டு.

“பேஷண்ட் எங்கங்க?”

அண்ணன் மேஜைமேல் திறந்து கிடந்த கேபினட்டுக்குள் மதர்போர்டைக் காட்டினார். “நேத்து நாலு மணிலேர்ந்து இப்பிடித்தாங்க.”

ஆம்புலன்ஸ்காரர் போர்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அப்புறம் அந்த அறையிலேயே மோசமான முகத்தோடு உட்கார்ந்திருந்த சூசை சாரைப் பார்த்து, அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

“பிரஷர் ஜாஸ்தியா இருக்குதுங்க.”

“ஞாயித்துக்கெழம வரிக்கும் அப்பிடித்தாங்க இருக்கும்” என்றார் சூசை சார்.

அண்ணன் ஆம்புலன்ஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். சாயங்காலம் கேபினட்டை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். வாயிலிருந்து ஒரு பீப்கூட இல்லை.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போது கேபினட்டோடு வாசலில் நின்றார். மேஜையில் வைத்துப் பட்டனை அமுக்கினார். “பீப்!” சூசை சார் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“இன்னாண்ணா பண்ணீங்க?”

“வூட்டுல வச்சி கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்தேன். அவ்ளோதான்.”

பிரஸ்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை மலர் வந்துவிட்டது. நன்றிப் பக்கத்தில் பங்குச் சாமியாருக்கு அடுத்த வரியில் ‘திரு. பீப்’ என்று போடச் சொன்னார் சூசை சார்.

பத்து நாள் கழித்து அண்ணனின் மனைவி டியூட்டி முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். “தம்பி, எங்க வூட்டு கம்ப்யூட்டரு ஓட மாட்டேங்குது. கேட்டா பீப்புங்கறாரு. நானே தொறந்து பாத்தேன். உள்ள இருக்கற போர்டுல உங்க கட ஸ்டிக்கர் ஒட்டி இருக்குது. எப்பிடிப்பா அது எங்க வூட்டுக்கு வந்துச்சி? எங்களுது எங்க போச்சி?”

அண்ணனையே கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் டீக்கடையில் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவன் இன்னும் மயக்கத்துலதான் இருக்கறான் தம்பி. ரெஸ்ட் எடுக்கட்டும்னு வூட்டுல வச்சிக்கினு இருக்கறேன்.”

இப்போது அவர் மனைவிக்குக் கல்வராயன் மலைமேல் வேலை. அண்ணன் அங்கேயே வெள்ளிமலையில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். நானும் நல்ல லேப்டாப் வாங்கிவிட்டேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம், “ஸ்லோவா இருக்குதுண்ணா” என்று அதைத் தூக்கிக்கொண்டு மலை பஸ் ஏறிவிடுகிறேன்.