காப்புக் கட்டி ஓடிய அம்பது கிலோமீட்டர்

அம்பது கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று நான் அறிவித்த அன்று, ஓடுகிற எண்ணம் எனக்குத் துளிகூட இல்லை.

என் பேர் சாமிதுரை. வயசு ஐம்பத்தொன்பது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை தெரிகிற ஒரு ஊரில் சின்ன வெங்காயம் போடுகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்க என்றார்கள். நடந்தேன். பக்கத்தில் ஒருத்தர் ஓடினார். நானும் ஓடினேன். நாலு வருஷத்தில் திருச்சிக்குப் போய் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை முடித்துவிட்டேன். ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. கடைசியாக வந்தது நானில்லை. எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது.

அதற்கப்புறம் பெரம்பலூர் காலை ஓட்டக் குழுவில் என் மரியாதையே வேறு. ஓடி முடித்து டீக்கடைக்கு வந்தால் எல்லோரும் நிற்பார்கள், எனக்கு மட்டும் நாற்காலி. புதுசாக வருகிறவனிடம், "இவருதான் நாப்பத்திரண்டு" என்று காட்டுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தால் சர்க்கரை போடாமலே இனிக்கும்.

குழுவுக்குத் தலைவர் மணிமாறன். கால்நடை டாக்டர். எங்கள் முட்டியையும் அவரேதான் பார்ப்பார். தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு போகம் உழுவலாம்" என்பார். அவர்தான் ஒருநாள் டீக்கடையில் குண்டைப் போட்டார்.

"மாசி மாசம் ஒரு அல்ட்ரா வெச்சிருக்கேன், மாரத்தானுக்கும் மேல ஓடறது. அரியலூரை ஒரு சுத்து சுத்திட்டு, நேரா கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசல். அம்பது கிலோமீட்டரு. யார் யாரு வரீங்க?"

எல்லோரும் டீயை ஊதினோம். ஏற்கெனவே ஆறிப்போன டீயை.

நாற்பத்திரண்டு ஓடினவனுக்கு இன்னும் எட்டுதானே என்று ஓடாதவர்கள் நினைப்பார்கள். நாற்பத்திரண்டு முடிகிற இடத்தில் கோடு போட்டிருப்பான். மெடல் மாட்டுவான். உட்காரலாம். அம்பது ஓடும்போது அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. ரோடு இருக்கும். மேற்கொண்டும் ரோடு. எனக்கு அந்த ரோடுதான் பயம். முட்டி, நகம், வெயில், லீவு என்று ஓட்டக்காரன் சொல்வதெல்லாம் அந்த ரோட்டின் மேல் போர்த்துகிற துணி.

"எனக்கு முட்டிங்க டாக்டர்" என்றார் ஒருத்தர்.

"காட்டுங்க, தட்டிப் பாக்கறேன்."

"வேணாங்க. முட்டி பரவால்ல. வூட்லதான் விடமாட்டாங்க."

அடுத்து நஜீமுதீன் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். "நான் ரெடி டாக்டர். பேர எழுதுங்க. ஆனா வூட்ல ஹஃபீசா விடமாட்டா. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

டாக்டர் என் நாற்காலியைப் பார்த்தார். "அண்ணே, நீங்க?"

"எழுதுங்க" என்றேன். "நாமளே பின்வாங்குனா எப்படி?"

கை தட்டினார்கள். டீக்கடைக்காரர்கூடத் தட்டினார்.

என் திட்டம் சுலபமானது. வீட்டில் போய்ச் சொல்வேன். என் வீட்டுக்காரி சிந்தாமணி குதிப்பாள். நான் டாக்டருக்கு போன் போட்டுத் தழுதழுத்த குரலில், வீட்டில் விடவில்லை என்பேன். வீரனாகவும் இருக்கலாம், வீட்டிலேயும் இருக்கலாம். முப்பத்திமூன்று வருஷமாக இந்த வண்டிதான் ஓடுகிறது. வார்டு மெம்பருக்கு நிற்கச் சொன்னார்கள். வீட்டில் விடவில்லை. மச்சான் காசிக்குக் கூப்பிட்டான். வீட்டில் விடவில்லை. இதில் எதையும் நான் வீட்டில் கேட்டதே இல்லை.

சிந்தாமணி களத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்பது கிலோமீட்டர் ஓடப்போறேன்."

"என்னைக்கு?"

"மாசி பதினெட்டு."

"சரி."

காத்திருந்தேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அம்பது, புள்ள."

"காது கேக்குதுங்க. போயிட்டு வாங்க."

"வெயிலு மண்டையப் பொளக்கும்."

"தொப்பி வாங்கிக்கங்க."

"நெஞ்சு கிஞ்சு வலிச்சா?"

"அதான் டாக்டர் கூட வராருல்ல."

"அவரு மாட்டு டாக்டரு!"

"நானும் அதத்தான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டினவன் அம்பது கிலோமீட்டர் ஓடறேங்கறான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லமாட்டியா?"

அரிவாளைக் கீழே வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அரிவாள் கையில் இருக்கும்போது அவள் வேலையைப் பார்ப்பாள். கீழே வைத்தால் என்னைப் பார்ப்பாள்.

"ஹஃபீசா போன் பண்ணுச்சு. 'அக்கா, நம்ம ரெண்டு பேரும் ராட்சசியாம். எங்க வூட்டுக்காரரு எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல, நான் விடமாட்டேன்னு டீக்கடையில சொல்லிட்டு வந்து அத எங்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறாரு'ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. போன மாசம் ரேஷன் கடையில ஒருத்தி கேக்கறா, ஏங்க்கா, அண்ணன காசிக்கு விடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னியாமேன்னு. நான் எப்பங்க நின்னேன்? எனக்கே காசிக்குப் போவணும்!"

நான் மலையைப் பார்த்தேன்.

"ஊருல என்னைப் பாத்தா பொம்பளைங்க புடவைய இழுத்துச் சொருவிக்கிட்டு ஒதுங்கறாளுங்க. நான் என்னமோ உங்களைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கற மாதிரி. இந்தத் தடவ ரெண்டுல ஒண்ணு. ஓடுங்க. இல்லன்னா நாலு பேரு முன்னால, அவ ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் பயம்னு சொல்லுங்க. ரெண்டுல எது பண்ணுனாலும் எனக்குச் சம்மதம்."

"பயமா? எனக்கா?" என்றேன்.

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஒரு வாரம் யோசித்தேன். எட்டாம் நாள் வழி கிடைத்தது. மாசியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவன், தேர் நிலைக்கு வருகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கறி கிடையாது, செருப்புக் கிடையாது. கறி கிடையாது என்பதால் நான் இதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. தேர், மாசி இருபது. ஓட்டம், பதினெட்டு.

முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினேன். பூசாரி நல்லதம்பி என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா?"

"வேண்டுதல்."

கட்டினார். கோயில் வாசலிலிருந்தே டாக்டருக்கு போன் போட்டேன். குரல் தானாகத் தழுதழுத்தது. "டாக்டர், காப்புக் கட்டிட்டேன். எல்லையத் தாண்ட முடியாது. அம்மன் விடமாட்டேங்கறா."

வீட்டைச் சொல்லவில்லை பாருங்கள். மேலிடத்துக்கே போய்விட்டேன்.

அன்றைக்கு வெறும் பருப்புச் சோறுதான். ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். சிந்தாமணி காபியோடு தயாராக இருந்தாள். சர்க்கரை அளவு உட்பட எல்லாம் முன்பே பேசி வைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, மொத்தம் பேரு குடுத்தது நாலு பேரு. ரெண்டு பேரு கழண்டுக்கிட்டாங்க. நஜீமுதீன் பாய ஹஃபீசாம்மாவே கொண்டாந்து வுடறேன்னுட்டாங்க. நீங்க எல்லையத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான? ஓட்டத்த இங்க கொண்டாந்துட்டோம். ஏரிக்கரை, ஸ்கூலு, மாரியம்மன் கோயிலு, திரும்ப ஏரிக்கரை. ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டரு. இருபத்தஞ்சு சுத்து. எல்லைக்கல்லு கிட்டகூடப் போவாது. அக்காதான் யோசனை சொன்னாங்க."

அக்கா காபி டம்ளரை என் கையில் வைத்தாள்.

பூசாரியிடம் ஓடினேன். ஓட்டப் பயிற்சி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"காப்புக் கட்டுனவன் ஓடுனா சாமி குத்தமாயிடாதா?"

"எல்லைக்குள்ள நீ ஓடுனா என்ன, உருண்டா என்ன?" என்றார் நல்லதம்பி. "சுத்துக்கு ஒரு தடவ கோயில் வாசல் வருது. அம்மாளுக்கு இருபத்தஞ்சு கும்புடு. ரொம்ப நல்லது."

"செருப்புப் போடக்கூடாதே. ஷூ இல்லாம..."

"தோலுதான் ஆவாது. உன் ஷூவ சிந்தாமணி நேத்தே கொண்டாந்து காட்டிட்டா. ரப்பரும் துணியும்தான். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டா."

மாசி பதினெட்டு, விடிகாலை ஐந்தரை. திருவிழாவுக்குக் கட்டின மைக் செட் இருந்தது. கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு சிந்தாமணி. சுற்று எண்ணுவது அவள் வேலை. பக்கத்தில் டாக்டர். என் போனையும் அவளே வாங்கிக்கொண்டாள். "ஓடறப்ப கனக்கும்."

ஓடினோம். கோயில் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஊரே கேட்க மைக்கில் சிந்தாமணி குரல் வரும். "மூணாவது சுத்து முடிஞ்சுது." "ஏழு. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு." "ஒன்பது. ஸ்கூல் கிட்ட நடந்திருக்காரு, தகவல் வந்துடுச்சு."

பன்னிரண்டாவது சுற்றில் நஜீமுதீன் பாய் நேராக மைக்குக்குப் போனார். "அஸ்ஸலாமு அலைக்கும். ஹஃபீசா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தெம்பில்ல. இது அல்லா மேல சத்தியம்" என்றார். பலத்த கைதட்டல். அடுத்த சுற்றில் பார்க்கிறேன், நிழலில் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிடுகிறார். முகத்தில் அவ்வளவு அமைதி.

"பதினாலு" என்றது மைக்.

ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு மறுபடி வந்தேன்.

"பதினாலு."

"முன்னயே பதினாலு சொன்னியே?"

"அது பதிமூணு. என்ன, காது அடைக்குதா? மைக் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்!"

அதற்குமேல் எண்ணிக்கை என் கையில் இல்லை. ஏரி வந்தது, ஸ்கூல் வந்தது, எருமை வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. மைக் இருபத்தொன்று என்றது. அதாவது நாற்பத்திரண்டு. இதற்கு மேல்தான் நான் இத்தனை நாள் பயந்த ரோடு. போய்ப் பார்த்தேன். அதே ஏரி. அதே எருமை. அது மட்டும் இப்போது படுத்திருந்தது. எனக்கும் படுக்கவேண்டும் போலிருந்தது.

"இருபத்தி நாலு முடிஞ்சுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

கோயில் வாசலில் கால் ரெண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மண்ணில் உட்கார்ந்தேன். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. சிந்தாமணி எழுந்து வந்தாள். ஒரு கையில் மோர்ச் செம்பு, ஒரு கையில் மைக்.

"ஒரு சுத்துதான் பாக்கி. போறீங்களா?"

ஏரிக்கரையைப் பார்த்தேன். கானல் ஓடியது. மைக்கைப் பார்த்தேன். எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"குடு" என்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இதுக்குமேல என்னால ஆவாது. சிந்தாமணி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பயம். முதல்லேருந்தே பயம். அதுக்குத்தான் காப்பும் கட்டுனேன். வார்டு மெம்பருக்கு நிக்க வேணாம்னு அவ சொல்லல, தோத்துருவேன்னு நான்தான் நிக்கல. காசிக்கும் அவ தடுக்கல. அவ்வளவு தூரம் ரயில்ல போவ எனக்குப் பயம். முப்பத்திமூணு வருஷமா அவ பேரச் சொல்லி நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

நாலைந்து பெண்கள் திரும்பித் தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்கள் தேரைப் பார்த்தார்கள்.

சிந்தாமணி மோரை என் கையில் கொடுத்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பி, "இப்பச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் மாலையோடு வந்தார். "வாழ்த்துகள் அண்ணே! அம்பது முடிஞ்சு அரை மணி நேரமாவுது."

மோர் புரையேறியது. "என்னது?"

"பதினாலயும் பதினெட்டயும் அக்கா ரெண்டு ரெண்டு தடவ சொன்னாங்க. ஏங்க்கான்னேன். 'அவரு ஓடிருவாரு டாக்டர், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஓடி முடிச்சிட்டாருன்னா வாயத் தொறக்கமாட்டாரு'ன்னாங்க."

சர்டிபிகேட் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர், எட்டு மணி இருபது நிமிஷம். அதற்குமேல் ஓடின ரெண்டு கிலோமீட்டரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கேட்டேன். அது ஓட்டத்தில் வராதாம், குடும்பத்தில் வருமாம்.