அதுவே பாத்துக்கும்

கார் ஓட்டுகிறவர்கள் ஒரு இனம். ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு இனம். இரண்டாவது இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வண்டி வாங்கி மூன்று மாதமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காதவர். ஆபத்தென்றால் தானே பிரேக் போடும், சிக்னலில் தானே எஞ்சினை அணைக்கும் என்று, வீட்டுக்கு வந்தவர் உட்காருவதற்குள் சொல்லி முடிப்பவர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அதுவே பாத்துக்கும்."

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதில் அசல் ரகம். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர், முன்னால் போகும் பஸ்ஸை மட்டும் பார்க்கமாட்டார். அதற்குத்தான் வண்டியில் கேமரா இருக்கிறதே! ஒருநாள் மைத்துனரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, வண்டி தானே நிற்பதைக் காட்ட, காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் குறிவைத்து விட்டார். பெட்டி நசுங்கியது.

"பெட்டின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, மச்சான். மனுஷனா இருந்தா நின்னிருக்கும்."

அன்றிலிருந்து மைத்துனர் பஸ்ஸில்தான் போகிறார்.

மனைவிக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து, அவளுக்கு நூலக வேலைக்கு நேர்முகம்; கூட்டிப்போனவர் இவர். பத்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஒன்பது நாற்பதுக்குச் சிக்னலில் வண்டி நின்றது, எஞ்சின் அணைந்தது.

"கேட்டியா?"

"என்னத்த?"

"ஒண்ணுமே கேக்கலல்ல? அதான்!"

பக்கத்தில் நின்ற பால்வண்டி டிரைவர் பரிதாபமாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், வண்டி நின்னுபோச்சா?"

பொறுப்பாரா மனிதர்? பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "நின்னுபோகல! அதுவா நிறுத்தியிருக்கு!" என்று தொடங்கி, பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பச்சை விழுந்தது. பால்வண்டி போய்விட்டது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. பின்னால் ஹாரன்கள்.

"கிளப்புங்க!"

"நாம குறுக்க போகக் கூடாது. அதுவே..."

"பெல்ட்டக் கழட்டிட்டீங்க. ஆளு இறங்கிட்டான்னு நெனச்சுக்கும், தானா கிளம்பாது. வண்டி கூடக் குடுத்த புத்தகத்துல போட்டிருக்கு."

"நான்தான் உக்காந்திருக்கேனே!"

"அது அதுக்குத் தெரியல. எனக்கே சில சமயம் தெரியறதில்ல."

மறுபடி சிவப்பு. அவள் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

அவர் இடம் மாறினார். அவள் பெல்ட்டை மாட்டி, பொத்தானை அழுத்தி, பச்சை விழுந்ததும் கிளம்பினாள். நாற்பதடி தள்ளி ஒரு சைக்கிள். அவ்வளவுதான், நம்மவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"ஏய், பிரேக்கு! பிரேக்கு!"

"அது என் காலுக்குக் கீழ இருக்குங்க."

கேமராவை நம்பியவர், மெஷினை நம்பியவர், நூலக வாசல் வரைக்கும் அந்தக் காலை எடுக்கவேயில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் படியேறி உள்ளே போய்விட்டாள். அவர் மட்டும் வியர்த்துப்போய், அத்தனை தூரமும் தானே ஓட்டிவந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் கிடக்கும் கால்மிதியைக் கொஞ்சம் பாருங்கள். வலது பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், தேய்த்தது யாரென்று வீட்டில் கேட்காதீர்கள். சொல்லிவிடுவார்கள்.