நாலு செமஸ்டர் அண்ணையின் மாறுதல் விண்ணப்பம்

சுவிஸ் நாட்டில் எதையும் முதலிலிருந்து தொடங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அந்தப் பிடிவாதத்தோடு பதினாறு வருடம் வாழ்ந்து காட்டிய ஒரே தமிழர் எங்கள் நாலு செமஸ்டர் அண்ணைதான். இங்கே வந்த நாங்கள் எல்லோரும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கியவர்கள். வாத்தியாராக இருந்தவர் பெட்டி தூக்கினார், வங்கியில் இருந்தவர் தரை துடைத்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணை மட்டும் எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் சொல்லுகிற வசனம் ஒன்றுதான்.

“நான் புதுசாச் சேர வரேல்ல. மாறி வந்திருக்கிறன்.”

துன் நகரில் ஏரிக்கரையோரமாக ஒரு ஹோட்டல். அதன் சமையலறையில் எங்களுக்கு வேலை, பின்னாலிருந்த பணியாளர் விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. அண்ணை ஊரில் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் நாலு செமஸ்டர் படித்தவர். ஐந்தாவது தொடங்க முன்னரே யுத்தம் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. இந்தச் செய்தியை அவரைச் சந்தித்த ஐந்தாவது நிமிடத்தில் நீங்களும் அறிந்துகொள்வீர்கள். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று நாங்களே அனுப்பிவிடுவோம்.

ஹோட்டலில் சேர்ந்த முதல் நாளே தலைமைச் சமையல்காரர் அவரைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் கை காட்டினார். அண்ணை அசையவில்லை. பையிலிருந்து லமினேட் செய்த பரீட்சைப் பெறுபேற்றை எடுத்து நீட்டி, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் தான் மாறி வந்தவர் என்று விளக்கினார். தலைமைச் சமையல்காரர் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல் என்றெல்லாம் இருந்தது. வெங்காயம் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் மனிதர் வாதாடிக் களைத்து, கடைசியில் சலாட் வெட்டும் மேசையைக் கொடுத்துவிட்டார். நான் அந்தத் தொட்டியிலிருந்து அந்த மேசைக்கு வர இரண்டு வருடமும் மூன்று மாதமும் எடுத்தது.

நீச்சல் கதை இன்னும் மோசம். ஏரியில் நீந்தப் பழகுகிறவர்களை முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க விடுவார்கள். அண்ணை ஊரில் கேணியில் குளித்த அனுபவத்தைச் சொல்லி, நேரே ஆழத்துக்குப் போனார். காவலுக்கு நின்ற பெடியன் பாய்ந்து இழுத்து வந்து கரையில் போட்டான். அண்ணை இருமி முடித்ததும் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, நான் எத்தனை மீட்டர் போனேன் என்று ஒரு கடதாசியில் எழுதித் தர முடியுமா என்பது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சீட்டு விளையாடினால் போன கிழமை எடுத்த புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டுதான் உட்காருவார். “அது அங்க எடுத்தது அண்ணை, இது வேற ஆட்டம்” என்றால், “எடுத்தது எடுத்ததுதானே” என்பார். இப்படிப்பட்ட மனிதர் நாற்பதைத் தொடப்போகிற வயதில் ஒரு நாள் தட்டு நிறையத் தக்காளி வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“தம்பி, வின்டர்தூரில ஒரு கொலிஜ் இருக்கு. வணிக முகாமைத்துவம். கிழமைக்கு ரண்டு நாள் போனால் காணும். வேற பல்கலைக்கழகத்தில படிச்ச ஆக்களை மாற்றி எடுக்கிறாங்கள். எடுத்த பாடங்களுக்குப் புள்ளியும் குடுக்கிறாங்கள்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வருடமாக இந்த நாட்டில் அவர் தேடித் திரிந்த வாசல் அதுதான்.

அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல் நான் அந்தக் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தேன். விசாரணைப் பகுதியில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். இந்த வயதும் வேலை அனுபவமும் இருப்பதால் முதலாம் செமஸ்டரில் புதிய மாணவராகச் சேர்ந்தால் இடம் அநேகமாக நிச்சயம். மாறுதல் மாணவராக விண்ணப்பித்தால் ஒவ்வொரு பாடத்தையும் ஆராய்வார்கள், மறுத்தால் இந்த வருடம் போய்விடும். இதை அப்படியே அண்ணையிடம் ஒப்பித்தேன்.

“அப்ப அந்த ரண்டு வருசமும் நான் படிக்கேல்லையோ? கனவோ கண்டனான்?” என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “முதலாம் செமஸ்டரில போய் இருந்தனெண்டால், அது நடக்கேல்லை எண்டு நானே கையெழுத்து வைச்சுக் குடுத்த மாதிரி. வீட்டையும் விட்டாச்சு, ஊரையும் விட்டாச்சு. இதையும் விடச் சொல்லுறியோ?”

நான் விடச் சொல்லவில்லை. படிவத்தை இறக்கினோம்.

முதல் தடங்கல் அந்த லமினேட். எங்கள் ஆட்கள் கையில் ஒரு முக்கியமான கடதாசி கிடைத்தால் முதல் வேலையாக அதைக் கண்ணாடித்தாளுக்குள் சமாதி வைத்துவிடுவார்கள். பிரதியை உறுதிப்படுத்த நகரசபைக்குப் போனோம். அங்கிருந்தவர் முத்திரையின் மேடு பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டும் என்றார். “தொட்டால் அழியுமெண்டுதானே மூடினனான்” என்று அண்ணை என்னிடம் சீறினார். பிறகு சவர பிளேட்டால் ஓரம் ஓரமாகப் பிளந்து அதை வெளியே எடுக்க ஒரு முழு ஞாயிறு போனது. மூச்சு விடாதே என்று எனக்கு உத்தரவு வேறு.

அடுத்தது, படித்த ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கமும் வேண்டும் என்றார்கள். அண்ணை ஊருக்கு எழுதினார். அவரோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்த நண்பர் இப்போது அங்கே விரிவுரையாளர். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். “இவன் என்ர கொப்பி பார்த்து எழுதினவன்” என்றார் அண்ணை. சொல்லிவிட்டு அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தின் கடைசிக் கேள்விதான் எங்களை மாட்டிவிட்டது. முந்திய பல்கலைக்கழகத்தை விட்டு ஏன் மாற விரும்புகிறீர்கள்? சுருக்கமாக எழுதவும். அண்ணை பதினொரு பக்கம் எழுதினார். பிறந்த ஊர், தகப்பன் தொழில், எந்தத் திகதியில் எந்தச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள், எந்த லொறியில் எந்த எல்லையைக் கடந்தார், எல்லாம் இருந்தது. பின்னிணைப்பாக ஒரு வரைபடம்.

“அண்ணை, இது அகதி விண்ணப்பம் இல்லை!”

“கேள்வி ஒண்டுதானே? ஏன் வெளிக்கிட்டனீ எண்டுதானே இவங்களும் கேக்கிறாங்கள்?”

“அதுக்கு லொறி என்னத்துக்கு?”

“தம்பி, குறைச்சுச் சொன்னால் பிறகு முரண்பாடு எண்டு எழுதுவாங்கள்.”

சிரிக்கத் தொடங்கிய நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இந்த நாட்டு அலுவலகங்கள் எங்களிடம் நின்று நிதானமாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்குத்தான் எங்களுக்கு விடை பாடம். மூன்று நாள் பேரம் பேசி இரண்டு பக்கத்துக்கு இறக்கினேன். வரைபடத்தைத் தரமாட்டேன் என்றார், ஒளித்துவைத்தேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. “நீ என்ர நம்பிக்கைக்குரிய ஆளா வந்து பக்கத்தில இரு. அதுக்குச் சட்டத்தில இடமிருக்கு” என்றார். அது அகதி விசாரணைச் சட்டம் என்று நான் சொல்லவில்லை. அண்ணை கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டோடும் மொத்தமான இரண்டு கோப்புகளோடும் ரயிலேறினார். வழியெல்லாம் கண்ணை மூடித் திகதிகளைப் பாடமாக்கினார்.

பாடநெறிக்குப் பொறுப்பான அம்மையார் கண்ணாடி போட்ட, சிரித்த முகமான மனுசி. கை கொடுத்துவிட்டு, பயணம் எப்படி இருந்தது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து, “கொழும்பிலிருந்து விமானத்தில்” என்று தொடங்கினார். நான் மேசைக்குக் கீழே காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு இரண்டாவது நாட்டையும் கடந்துவிட்டார். அம்மையார் பேனையைத் திறந்து வைத்தபடி வாயையும் திறந்து வைத்திருந்தார். ஒருவாறு துன் வரைக்கும் வந்து சேர்ந்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பிறகு கணக்கியலில் சில கேள்விகள் கேட்டார். அண்ணை நன்றாகவே சொன்னார். கடைசியாக அம்மையார் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். முதலாம் செமஸ்டர் என்றால் இப்போதே கையெழுத்து வைக்கலாம், இடம் நிச்சயம், மாறுதல் என்றால் குழு கூடித்தான் சொல்லும், எனக்கே தெரியாது என்றார். நான் அண்ணையின் கையைச் சுரண்டினேன். வையுங்கோ அண்ணை, பிறகு பார்க்கலாம் என்று தமிழில் கெஞ்சினேன். அண்ணை அந்தத் தாளை மெதுவாகத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“நன்றி. நான் மாறி வந்தவன்” என்றார் ஜெர்மனில். அதோடு எழுந்திருப்பார் என்று பார்த்தால், நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார்.

“இப்போது நீங்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். பிறகு நான் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்து வைப்பேன்.”

அகதி விசாரணையில் அப்படித்தான் செய்வார்கள். அம்மையாருக்கு அது எங்கே தெரியும்? எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது. அவர் பாவம், குழம்பிப்போய்த் தன் குறிப்பை எடுத்து வாசித்தார். மொத்தமே ஐந்து வரி. மூன்றாவது வரியில், நாலு செமஸ்டருக்குப் பிறகு படிப்பைக் கைவிட்டார் என்று இருந்தது.

“அது பிழை” என்றார் அண்ணை. “நான் கைவிடவில்லை. ஐந்தாம் செமஸ்டருக்குப் பேனையோடு போனேன். விரிவுரை மண்டபம் பூட்டியிருந்தது. திறக்கும் என்று மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த வரியை வெட்டி, யுத்தத்தால் படிப்புத் தடைப்பட்டது, இவர் காரணமல்ல என்று எழுதி, சத்தமாக வாசித்தும் காட்டினார். அண்ணை தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். சாட்சியாக என்னையும் வைக்கச் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது என் அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. ஊரில் நானும் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தவன். என் விசாரணை முடிந்தபோது களைப்பில் ஒன்றையும் கேளாமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். என்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் கோட்டோடு வாயைத் திறந்து நித்திரை கொண்டிருந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. உடைக்கப் பயந்து என்னிடம் நீட்டினார். கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல் எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வணிகச் சட்டம் இலங்கைச் சட்டம் என்பதால் ஏற்கவில்லை, இன்னும் சில பாடங்களும் போயிருந்தன. கூட்டிப் பார்த்தால் இரண்டு செமஸ்டர். அண்ணை மூன்றாம் செமஸ்டரில் நுழையலாம்.

நான் துள்ளினேன். அண்ணை கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மிச்சம் ரண்டுக்கும் அப்பீல் போட முப்பது நாள் தருவினம் என்ன?”

“அண்ணை, சும்மா இருங்கோ!”

சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

வகுப்புத் தொடங்கிய அன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். புதிய மாணவர்களை ஒரு பெரிய மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். அண்ணை அவர்களைத் தாண்டிய கம்பீரத்தோடு மாடிப்படி ஏறினார். வகுப்பறைக் கதவு மூடிக்கொண்டது. நான் நடைபாதையிலேயே நின்றேன். கோப்புகளோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண், யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டாள்.

“இல்லை, என் அண்ணன் உள்ளே மூன்றாம் செமஸ்டர் படிக்கிறார்” என்றேன். கூடப் பிறந்தவரா என்றும் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.