சம்பந்தி வீட்டு கேரியர்

நான்கு அடுக்குகளும் கருத்துப்போயிருந்தன. அவற்றை அடுக்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு சகாயநாதனும் அவர் மனைவி அற்புதம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எண்ணெய்ப் பிசுக்கு போகட்டுமேன்னு துணிக்குப் போடற சோடாவைப் போட்டுக் கொதிக்க வெச்சேங்க."

"அலுமினியம் கருத்துப் போகும்னு தெரியாதா?"

"இப்பத் தெரியுது."

கேரியர், மகள் லூர்துராணிக்குப் பேசியிருந்த ஸ்ரீரங்கத்துப் பையன் வீட்டிலிருந்து புது வருஷப் பலகாரத்தோடு வந்தது. வந்தபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பேர்கூட இன்னும் வெட்டவில்லை, அவ்வளவு புதிது. காலியாகத் திருப்பித் தருவது மரியாதையில்லை என்று அற்புதம்மாள் அதிரசம் சுட்டாள். அதை நிரப்புவதற்காகக் கழுவப்போய்த்தான் இந்த வினை.

வரும் ஞாயிறு பாலக்கரைக் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். பையனின் தாயார் ரோசம்மாள், நசுங்கிய டம்ளரில் காபி கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே விட்டவர் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"கிறிஸ்மஸுக்கு நாம அனுப்பின கேரியர் இன்னும் அவங்க வீட்டுலதான் இருக்கு," என்றாள் அற்புதம்மாள். "அதைக் கேக்க நமக்கு வாய் வருதா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

சகாயநாதன் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துத் தேய்த்தார். கருப்பு வெளுத்தது. வெளுத்த இடமெல்லாம் கோழி கிளறிய மண் மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல். இதற்குக் கருப்பே தேவலை என்று தோன்றியது.

இதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பெரிய கடைவீதிக்கு ஓடினார். கடைக்காரர் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் கொக்கி வைத்த கேரியர் வந்து பல வருஷமாயிற்று, இப்போது எங்கும் கிடைக்காது என்றார். புதுச் சாமானுக்குப் பழைய கொக்கியா என்று யோசிக்கிற நிலையில் சகாயநாதன் இல்லை. கிடைக்காது என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

பக்கத்து வீட்டு நஜிமுதீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். கீறல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கீறலை அழிக்க முடியாது சார். எல்லாத்தையும் ஒரே பக்கமாத் திருப்பி விடலாம். உப்புத்தாளை ஒரு கட்டையில சுத்திக்குங்க. தண்ணி தொட்டு, மேலேருந்து கீழே ஒரே இழுப்பு. கட்டையைத் தூக்கிட்டுத்தான் மறுபடி மேலே போகணும். முன்னும் பின்னும் போச்சோ, போச்சு."

சகாயநாதனுடையது கல்லூரி அலுவலகத்தில் பேனா பிடித்துப் பழகிய கை. முதல் அடுக்கு நேராக வந்தது. இரண்டாவதில் கை தன்னை மறந்து முன்னும் பின்னும் போனது. அதைச் சரிசெய்வதற்குள் தாள் தேய்ந்துவிட்டது. வாங்கி வந்த புதுத் தாள் சற்று முரடு. மூன்றாவது அடுக்கு வயலில் ஏர் ஓட்டியது போலாயிற்று. மற்றவற்றையும் அதே முரட்டுத் தாளால் இழுத்து, பிறகு நைஸான தாளால் எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுத்தார். மூடியைத் தொடாமல் விட்டால் அது தனியாகத் தெரியும் என்று அதையும் இழுத்தார். அதிரசம் பாதி தீர்ந்துவிட்டது. கவலை வந்தால் அற்புதம்மாளுக்குப் பசிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கருப்பு இல்லை, வட்டம் இல்லை. மேலிருந்து கீழாக மயிரிழைக் கோடுகள், பட்டுத்துணி போன்ற மங்கலான வெள்ளை. பார்க்க அழகாகவே இருந்தது. அந்தக் கண்ணாடிப் பளபளப்புதான் இல்லை.

லூர்துராணி வந்து பார்த்தாள். "என்னப்பா இது, நம்ம பழைய கேரியர் மாதிரி ஆக்கிட்டீங்க?"

சகாயநாதன் கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுசை வைத்துக்கொண்டு பழைய கேரியரைத் தந்துவிட்டார்கள் என்று ரோசம்மாள் சொன்னால் என்ன பதில் சொல்வது? மிச்சமிருந்த அதிரசத்தை நிரப்பிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். காவிரிப் பாலம் வரும்வரை உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தார். பாலம் தாண்டியதும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்.

ரோசம்மாள்தான் கதவைத் திறந்தார். கேரியரைக் கையில் வாங்கினார். கோடுகளை விரலால் ஒருமுறை தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இதை எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "உக்காருங்க, அவங்களக் கூப்பிடறேன்," என்று உள்ளே போனார். உள்ளே கணவன் மனைவி தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "நாளைக்கு ஓலை" என்ற வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது.

சம்பந்தம் முறிந்தது என்று சகாயநாதன் எழுந்து, செருப்பைக் காலால் தேடினார்.

வேலைக்கார அம்மா பாப்பாயி காபியோடு வந்தாள். அவரைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிடாதீங்கய்யா, கிறிஸ்மஸுக்கு நீங்க அனுப்பின உங்க கேரியரை அம்மா தெரியாமச் சோடா போட்டுக் கருக்கிட்டாங்க, பாலிஷ் கடையில குடுத்ததுல உங்க பேரும் சேந்து தேஞ்சு போச்சு, அதையேதான் புதுசு மாதிரி புது வருஷத்துக்கு அனுப்பினாங்க, நீங்க கண்டுபிடிச்சுச் சம்பந்தத்தை விட்டுடுவீங்களோன்னு அன்னையிலேருந்து அவங்களுக்குச் சோறே எறங்கலை."